குளம் வற்றியபோது வந்த கல்

லுணுகலை,
செப்டெம்பர், ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகன் தயாபரனுக்கு அப்பா எழுதுவது. நான் சுகம், கட்டார் வெயிலில் நீயும் சுகமாக இருக்க வேண்டும் என்று விளக்கு வைக்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்கிறேன். போனில் சொல்லியிருக்கலாம், ஆனால் எப்படி இருக்கீங்க என்று நீ கேட்டதும் நல்லா இருக்கேன் என்று முடித்துவிடுகிறேன், அதனால்தான் எழுதுகிறேன்.

இங்கே மழையே இல்லை. தேயிலைத் தோட்டத்துக் குளம் வற்றி நடுவில் மட்டும் கொஞ்சம் தண்ணீர் கிடக்கிறது. கீழ் லயத்து வரிசை வீட்டு நிமலன் மாடு குளிப்பாட்டப் போய், கரைச் சேற்றிலிருந்து ஒரு கல்லை எடுத்து வந்தான். தேங்காய் அளவு, கறுப்பு, முட்டை போல வழவழப்பு. பக்கத்து வீட்டுக் கருப்பம்மா லிங்கமேதான் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். கடை மொஹிதீன், பழைய எடைக்கல்லா இருக்கும், தராசுல வச்சுப் பார்ப்போமா என்று கேட்டு அவளிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார். மஞ்சள் பூசி, வெள்ளிக்கிழமை மரத்தடியில் வைத்துப் பூசை என்று முடிவும் செய்தபிறகுதான், எதற்கும் வாத்தியார் சேரைக் கேட்போம் என்று என்னிடம் கொண்டு வந்தார்கள். நான் வகுப்பில் போலவே ஆரம்பித்தேன். பையில் குலுங்குகிற சில்லறைதான் தேயும், உண்டியலில் கிடப்பது தேயாது, அதுபோல ஆற்றில் உருண்ட கல்தான் இப்படி ஆகும், இது குளத்துக் கல் இல்லை, யாரோ கொண்டு வந்தது என்று சொல்லிக்கொண்டே திருப்பினேன். அடியில் விரல் நீளத்துக்குப் பச்சைப் பெயின்ட்.

நம் வாசல் கதவின் பச்சை, தம்பி. காற்றுக்குக் கதவு அடிக்காமலிருக்க அம்மா பதுளை ஆற்றிலிருந்து முந்தானையில் முடிந்து வந்த கல். நீ கதவுக்குப் பெயின்ட் அடித்தபோது அதில் பட்டது. அம்மாவின் கருமாதிக்கு அந்த அடைமழையில் வேறு கல் தேட முடியாமல் இதையே கரையில் ஊன்றித் தண்ணீர் வார்த்தோம். முடிவில் உன் இடத்தில் நின்று சித்தப்பா மகன் துஷாந்த் குளத்தில் போட்டான். நீ போனில் பார்த்துக்கொண்டிருந்தாய், போடுகிற நேரம் சிக்னல் போய்விட்டது.

எல்லாரிடமும் சொல்லிவிட்டேன். நிமலன் கையை இடுப்புச் சாரத்தில் துடைத்துக்கொண்டான். கருப்பம்மா முதலில் அழுதாள், பிறகு, குழாயடியில தினமும் அவகூடச் சண்டை போட்டேன், கடைசியில கன்னத்துல போட வச்சுட்டாளே என்று சிரித்தாள். அப்புறம், கருமாதிக் கல்லு வீட்டுப் படி ஏறக்கூடாதுங்க சேர், இன்னைக்கே தண்ணியில போட்டுருங்க என்று கண்டிப்பாகச் சொன்னாள்.

தூக்கிக்கொண்டு போனேன். தண்ணீருக்கு முன்னால் முழங்கால் சேறு, வீசினாலும் சேற்றில்தான் விழும், நாளை இன்னொருவர் எடுப்பார். அது ஒரு காரணம். கையும் விடவில்லை. திரும்பி வந்துவிட்டேன். இப்போது கதவோரம் வைத்திருக்கிறேன், நம் கதவு வெளியே திறப்பதால் படி ஏறவில்லை என்று கருப்பம்மாவிடம் வாதாடுகிறேன். இத்தனை மாதமும் காற்றுக்குக் கதவு அடிக்கும்போதெல்லாம் யாரோ வருகிறார்கள் என்று எழுந்து பார்ப்பேன். இப்போது அடிப்பதில்லை. எழுந்து பார்க்கவும் வேலையில்லை.

மார்கழிக்குள் குளம் நிறைந்துவிடும். பொங்கலுக்கு லீவு கேட்டுப் பார். இந்த முறை கல்லை உன் கையால் போடு, நான் பக்கத்தில் நிற்கிறேன். வெறும் வயிற்றோடு வேலைக்குப் போகாதே. முருகன் உனக்குத் துணையிருப்பான், என் ஆசி எப்போதும் உன்னோடு. நீ வருகிற அன்று கதவு திறந்தேதான் இருக்கும், தட்ட வேண்டாம்.

என்றும் உன் நினைவில்,
அப்பா
சிதம்பரநாதன்