பட்டு வேகவைத்த தண்ணீர்

செவிலிமேடு
1927, ஆவணி

அன்புள்ள சம்பூர்ணத்துக்கு,

இந்தக் கடிதத்தை உங்கள் ஊர் உபதேசியார்தான் உனக்கு வாசித்துக் காட்டுவார். ஆகையால் சிலதை எழுதவில்லை. உன் பல்வலி வீக்கம் வடிந்ததா?

கொல்லைக் குட்டையில் மீன்கள் செத்துவிட்டன. பாலாற்று மடுவிலிருந்து நீயும் நானும் குடத்தில் சுமந்து வந்த கெண்டைகள். மாட்டுச் சாணம் குட்டைக்கு, குட்டைச் சேறு நெல்லுக்கு, நெல்லின் தவிடு மறுபடி மீனுக்கு என்று இரண்டு வருஷம் ஒன்றும் வீணாகாமல் ஓடியது.

சாயப்பட்டறையில் சவுக்காரம் போட்டுப் பட்டு வேகவைத்த தண்ணீரைக் கொட்டும்போதெல்லாம் எனக்கு மனசு கேட்காது. பட்டிலிருந்து இறங்கும் பசை பட்டுப்பூச்சியின் வாயில் ஊறியதுதானே, மீனுக்கு ஆகாதா என்று நினைத்தேன்.

"கஞ்சித் தண்ணியும் சவுக்காரத் தண்ணியும் ஒண்ணாயா? ஊத்தாத" என்று குடத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாய். "பட்டறையில வேலை செய்யறது நானா, நீயா?" என்று கேட்டேன். அதற்குப் பிறகு நடந்ததை உபதேசியார் வாசிக்க வேண்டாம். அது பல்வலி இல்லை என்று அவருக்கும் தெரிந்திருக்கும்.

நீ உங்கள் ஊருக்குப் போன மறுநாள் ஆறு குடம் சுமந்து வந்து ஊற்றினேன். விடிந்து பார்த்தால் குட்டை முழுக்க வெள்ளை வயிறுகள். அள்ளி அள்ளிக் கத்திரிப் பாத்தியில் புதைத்தேன். கை ஓய்ந்துவிட்டது.

குட்டையில் வாய்க்கால் தண்ணீர் வந்து விழும் மூலையில் ஏழெட்டு பிழைத்திருக்கின்றன. நீ தவிடு போடும் வேளைக்குக் கரையோரம் வந்து காத்திருக்கின்றன. என் நிழல் விழுந்ததும் ஆழத்துக்குப் போய்விடுகின்றன. நான் போட்ட தவிடு அப்படியே மிதக்கிறது.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்