பாதி வழியில் திரும்புவது

செரயா கோரா,
9 மார்ச் 2003

அன்புள்ள ஏவால்ட்,

நலம். நீயும் லில்யாவும் மாப்பிள்ளையும் சுகம்தானே? நேற்று மகளிர் தினம். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் எனக்கு மட்டும் இரண்டு கொத்து மிமோசாப் பூ கொடுத்தார்கள். மே மாதப் பரீட்சையில் இயற்பியல் தாளை நான்தான் திருத்துகிறேன், அதனால் இருக்கலாம்.

விஷயத்துக்கு வருகிறேன். ராணுவ ஆய்வுக்கூடத்தை விட்டு நான் வெளியே வந்து இந்த மாதத்தோடு ஐந்து வருஷம். நாட்டைவிட்டுப் போக மாட்டேன் என்று கையெழுத்துப் போட்டிருந்தேனே, அந்தக் கெடு முடிந்தது. பாஸ்போர்ட்டுக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். ஜன்னலுக்குப் பின்னால் இருந்த பெண், "எங்க போறீங்க?" என்றாள்.

"வீட்டுக்காரர்கிட்ட. அவர் ஜெர்மன் வம்சம். எட்டு வருஷமாச்சு, மகளைக் கூட்டிக்கிட்டு ஜெர்மனிக்குப் போய்."

முத்திரையைக் கையில் பிடித்தபடியே என்னைப் பார்த்தாள். "இன்னுமா உங்களுக்காகக் காத்துக்கிட்டிருக்காரு?"

இருக்கிறாய்தானே?

உன் ரிம்மா


காஸல்,
28 மார்ச் 2003

என் ரிம்மா,

உன் கடிதத்தைப் பஸ் பணிமனையில் நின்றபடியே படித்தேன். கையெல்லாம் கிரீஸ். இரண்டாம் பக்கத்தில் பாதி எழுத்து அழிந்துவிட்டது, ஆனாலும் அது எனக்கு மனப்பாடம்.

அந்த ஜன்னல் பெண்ணிடம் சொல்: கிழவனை வேறு யாரும் சேர்த்துக்கொள்ளவில்லை, அதனால் காத்திருக்கிறான் என்று.

லில்யா ஒரே குதியாட்டம். "அம்மா வந்ததும் என் பீட்ரூட் சூப்பைக் குடிச்சிட்டு, இது என்ன துணி துவைச்ச தண்ணியான்னு கேப்பாங்க, பாருங்க" என்கிறாள். அந்தக் கிண்டலுக்காகவே அவள் ஏங்கிப் போயிருக்கிறாள்.

சனிக்கிழமை ஒரு பெரிய கட்டில் வாங்கினேன். மெத்தை கெட்டியாக வேண்டுமா மெதுவாக வேண்டுமா என்று கடைக்காரன் கேட்டான். எனக்குப் பதில் தெரியவில்லை. அப்போதெல்லாம் நீ எதன்மேலும் தூங்குவாய். இப்போது எப்படி? எழுது.

உன் ஏவால்ட்


செரயா கோரா,
17 ஜூன் 2003

அன்புள்ள ஏவால்ட்,

பாஸ்போர்ட் வந்துவிட்டது. புகைப்படத்தில் கோழி திருடி மாட்டிக்கொண்டவள் மாதிரி இருக்கிறேன்.

ஆனால் இன்னொன்றும் வந்தது. வதிமை நினைவிருக்கிறதா? எனக்குக் கீழே கணக்குப் போட்டுக்கொண்டிருந்தானே, ஒல்லியாக. இப்போது தொப்பையும் காரும் அவனுக்கு. ஞாயிற்றுக்கிழமை வந்து சமையலறையில் உட்கார்ந்தான்.

"ரிம்மா செர்கேயெவ்னா, அன்னைக்கு நீங்க சொன்னதுதான் சரி. யாரும் கேக்கலை. இப்ப அந்த வேலையைத் திரும்ப எடுக்கச் சொல்லிட்டாங்க. அது தெரிஞ்சவங்க மூணே பேர். அதுல ரெண்டு பேர் போய்ச் சேந்துட்டாங்க."

"மூணாவது ஆள்?"

"எனக்கு டீ ஊத்திக்கிட்டிருக்காங்க."

இதற்கு மேல் எழுதக் கூடாது. மறுபடி கையெழுத்துப் போட்டால், வேலை முடிந்த நாளிலிருந்து இன்னும் ஐந்து வருஷம். முடியாது என்றுதான் சொன்னேன். அவன் போன பிறகு பழைய கணக்கையெல்லாம் மனதுக்குள் போட்டுப் பார்த்தேன், ஏவால்ட். ஒரு வரி மறக்கவில்லை. அந்த வேலை நின்றுபோன இந்தப் பன்னிரண்டு வருஷமாக என்னிடம் யாரும் எதையும் கேட்டதில்லை, ஊறுகாய்க்கு எவ்வளவு உப்பு என்பதைத் தவிர.

ரிம்மா


காஸல்,
1 ஜூலை 2003

ரிம்மா,

நீ எழுதக் கூடாது. நான் எழுதலாம்.

சாதாரண ஏவுகணைத் தலை எறிந்த கல் மாதிரி வந்து விழும். எங்கே விழும் என்று எதிராளி கணக்குப் போட்டு வழியிலேயே அடித்துவிடுவான். நீங்கள் செய்தது பாதி வழியில் திரும்பும், அவன் கணக்கு பொய்த்துப் போகும். ஆனால் திரும்பியபோது ஒரு பக்கம் சூடு தாங்காமல் வெந்துபோயிற்று. மேல்பூச்சை மாற்ற வேண்டும் என்று நீ முன்பே சொல்லியிருந்தாய். அதிகாரிகள் சிரித்தார்கள். தொண்ணூற்றொன்றில், யாரும் ஒட்டுக்கேட்காதபடி குழாயைத் திறந்துவிட்டு அந்தத் தண்ணீர்ச் சத்தத்தில் நீ இதையெல்லாம் சொல்லி அழுதாய். வேறு எதற்கும் நீ அழுது நான் பார்த்ததில்லை. என்னை ரயிலேற்றியபோதுகூட.

இதை அங்கே பிரித்துப் படிப்பார்கள் என்று தெரியும். படித்துவிட்டு உன்னை வேண்டாம் என்று சொல்லட்டும் என்றுதான் எழுதுகிறேனோ என்னவோ.

லில்யா முழுகாமல் இருக்கிறாள். பிப்ரவரியில் பிரசவம். "அம்மா பக்கத்துல இருந்தா எனக்குப் பயமில்ல" என்கிறாள். நான் சொல்ல இதற்குமேல் ஒன்றுமில்லை. வா.

ஏவால்ட்


செரயா கோரா,
11 ஆகஸ்ட் 2003

அன்புள்ள ஏவால்ட்,

உன் கடிதம் பிரித்து ஒட்டித்தான் வந்தது. வதிம் விழுந்து விழுந்து சிரித்தான். "உங்க வீட்டுக்காரர் எங்க அதிகாரிங்களைவிட நல்லாவே விளக்கியிருக்காரு!" அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு, "வெளிநாட்டுல புருஷன் இருக்கறவரைக்கும் உங்களை உள்ள விட மாட்டாங்க" என்றான்.

வேலைக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டேன், ஏவால்ட். இத்துடன் ஒரு தாள் இருக்கிறது. விவாகரத்துக்கு உன் சம்மதம். கையெழுத்துப் போட்டு அனுப்பு.

பிரசவத்துக்கு வருகிறேன் என்று எழுதத் தொடங்கி மூன்று காகிதங்களைக் கிழித்தேன். பொய் சொல்ல வரவில்லை. அந்த வேலை உன்னைவிட, லில்யாவைவிடப் பெரியதா என்று கேட்பாய். இல்லை. சத்தியமாக இல்லை. ஆனால் இருபது வருஷம் செய்த ஒன்று, நான் சொன்னபடி செய்திருந்தால் வெந்திருக்காது. அது தெரிந்துகொண்டே உங்களோடு சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்திருந்தால் நான் பாதி ஆள்தான். அந்தப் பாதியை நீ எட்டு வருஷம் காத்திருந்து வாங்க வேண்டாம்.

மெத்தை கெட்டியானதுதான் எனக்குப் பிடிக்கும். அன்றே எழுதியிருக்க வேண்டும்.

திட்டி எழுதாதே. எழுதவே எழுதாதே. இனி எனக்குக் கடிதம் வரக் கூடாது.

ரிம்மா


காஸல்,
26 பிப்ரவரி 2004

ரிம்மா,

பயப்படாதே, இதைப் பக்கத்து வீட்டு நியூராவின் முகவரிக்கு அனுப்புகிறேன். உறைக்குள் அவளுக்கு ஒரு சாக்லேட்டும் இருக்கிறது, வாயைத் திறக்காமலிருக்க.

செப்டம்பரில் அந்தத் தாளை ஒரு வார்த்தைகூடச் சேர்க்காமல் அனுப்பினேன். அது கோபம். இப்போது கோபமில்லை.

ஆறாம் தேதி லில்யாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. மூன்று கிலோ இருநூறு. உன் நெற்றி, அந்தச் சுளிப்பு உட்பட. லில்யா பதினாறு மணி நேரம் வலியில் துடித்தாள். வெளியே நான் உட்கார்ந்திருந்தேன். உன்னைக் கூப்பிட்டாள். அதை எழுத வேண்டாமென்றுதான் நினைத்தேன்.

போன வாரம் பணிமனையில் பத்திரிகை கிடந்தது. துருக்கிக்காரன் ஓர்ஹான் படித்துக் காட்டினான். "யோவ், உங்க ஊர்ல என்னமோ விட்டிருக்கானுங்களாம். வானத்துல இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திரும்புதாம். எந்தத் தடுப்பும் அதைப் பிடிக்க முடியாதாம்."

அப்படியானால் திரும்பியிருக்கிறது, ரிம்மா. வேகவில்லை. 'அது என் பெண்டாட்டி செஞ்சதுய்யா' என்று சொல்ல வாய்வரை வந்தது. அவ்வளவு பெருமை. ஸ்பானரை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து குழந்தையை வாங்கிக்கொண்டேன். கொட்டாவி விட்டாள். யாராலும் தடுக்க முடியாத அது யாரை நோக்கி வரும் என்று அப்போதுதான் நினைத்தேன். நாங்கள் இப்போது இந்தப் பக்கத்தில் இருக்கிறோம், ரிம்மா. நீ கணக்குப் போட்டபோது இது உனக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? குற்றம் சொல்லவில்லை. கேட்காமல் இருக்க முடியவில்லை.

பதில் எழுத உனக்கு அனுமதி இல்லை. எழுதாதே.

ஏவால்ட்


ரியாசான் ரயில் நிலையம்,
14 ஏப்ரல்

கடிதம் வந்தது. ஊரில் போட்டால் பிரிப்பார்கள், அதனால் இங்கே வந்து போடுகிறேன். நீ கேட்ட இடத்தை மறுபடி மறுபடி படித்தேன்.

குழந்தைக்கு என்ன பெயர் வைத்தீர்கள்? அதை எழுதவே இல்லையே.