கோடு போட்ட வட்டம்

மார்ச் 3
எழுத்துக் கூட்டக் கற்று எட்டு மாதம். இன்று ஆஸ்பத்திரிப் பலகையை நானே படித்துவிட்டேன். 'இரத்தப் புற்றுநோய்ப் பிரிவு'. படிக்காமலே இருந்திருக்கலாம். உள்ளே பேரன். பதினேழு வயது.

மார்ச் 6
அவன் அக்காவின் எலும்பு மஜ்ஜை பொருந்துகிறதாம். பதினெட்டாம் தேதி எடுத்து இவனுக்கு ஏற்றுவார்கள். மகன் சிரித்துப் பல நாளாயிற்று, இன்று சிரித்தான்.

மார்ச் 9
மரபணு ஆராய்ச்சி செய்யும் டாக்டரம்மா வந்தார். இளவயதுப் பிள்ளைகளுக்கு இந்த நோய் ஏன் வருகிறது என்று தேடுகிறார்களாம். எங்கள் குடும்பத்தைப் படமாக வரைந்தார். ஆண் சதுரம், பெண் வட்டம், இறந்தவர் மேல் ஒரு கோடு. சிறு வயதில் இரத்தக் கோளாறால் யாரும் போனார்களா என்று கேட்டார்.
"எங்க பக்கம் எல்லாம் கல்லு மாதிரிம்மா" என்றேன்.
பொய்.

மார்ச் 10
எனக்கொரு தங்கை இருந்தாள். பதினாறு வயதில் ஈறில் இரத்தம், உடம்பெல்லாம் நீலத் திட்டு. நாலே மாதம். தெரிந்தால் என் அக்காவுக்கு வரன் வராதென்று அப்பா அவள் பேச்சையே எடுக்கவிடவில்லை. அப்படியே பழகிவிட்டது. மகனுக்கே தெரியாது.
என் வழியாகவா வந்தது? சொன்னால் மறுபடி சோதனை என்று பதினெட்டாம் தேதி தள்ளிப்போகுமே. சொல்லாவிட்டால் —

மார்ச் 12
பேரனுக்குக் காய்ச்சல். அப்படியும் என் நோட்டை எட்டிப் பார்த்தான். "என்ன தாத்தா, லவ் லெட்டரா? கோழி கிளறின மாதிரி இருக்கு."
சிரித்தேன். நோட்டை மடித்து இடுப்பில் செருகினேன்.

மார்ச் 13
டாக்டரம்மா தந்த படத்தின் நகலில் என் சதுரத்துக்குப் பக்கத்தில் ஒரு வட்டம் போட்டேன். மேலே கோடு. 'தங்கை. வயது 16. ஈறில் இரத்தம்.' எழுத அரை மணி நேரம். டாக்டரம்மாவிடம் கொடுத்தேன். அவர் முகம் மாறியது. பேத்தியைச் சோதிக்காமல் மஜ்ஜை எடுக்கக்கூடாது என்று உடனே தேதியை நிறுத்தினார்.
மகன் சொன்னது ஒன்றுதான்: "ஒரு ஆளையே மறைச்சிட்டீங்களேப்பா."

மார்ச் 29
பேரனுக்கு இருக்கும் அதே மரபணுக் கோளாறு எனக்கும் மகனுக்கும் பேத்திக்கும் இருக்கிறது. எங்களுக்கு நோய் இல்லை. வரலாம், வராமலும் போகலாம். அவள் மஜ்ஜையை ஏற்றியிருந்தால் அந்தக் கோளாறே திரும்ப அவனுக்குள் போயிருக்கும். வெளியாள் ஒருவரைத் தேடுகிறார்கள். கிடைக்காவிட்டால்?

மே 20
கிடைத்தது. யாரென்று சொல்லமாட்டார்களாம். சின்னப் பையில் மஜ்ஜை. சொட்டுச் சொட்டாக இறங்கியது.

ஜூன் 16
பேரனின் இரத்தத்தில் புது அணுக்கள் ஏறுகின்றன.
இனி ஆறு மாதத்துக்கொரு முறை மகனுக்கும் பேத்திக்கும் எனக்கும் பரிசோதனை. இன்று முதல் தடவை. ஊசியைப் பார்த்ததும் அவள் என் பின்னால் ஒதுங்கினாள். "நீங்க முதல்ல நீட்டுங்க தாத்தா."
நீட்டினேன்.