ஊசி போடாத ஓட்டம்

அன்புத் தங்கைக்கு,

அக்கா எழுதுகிறேன். நலம் விசாரிப்பதற்கெல்லாம் இப்போது பொறுமை இல்லை. கண்டுபிடித்துவிட்டேனடி! அந்த மூன்று பீக்கும் எங்கிருந்து வந்தன என்று கண்டுபிடித்துவிட்டேன். நேற்றிலிருந்து எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

சித்தி பக்கத்தில் உட்கார்ந்து வாசிக்கச் சொல்லுவாள், தெரியும். அதனால் அவளுக்கும் புரியும்படியே எழுதுகிறேன். சித்தி, எங்கள் ஆய்வுக்கூடத்தில் எண்ணெயைக் கரைத்து, ஊசியால் ஒரு சொட்டு மெஷினுக்குள் ஏற்றுவோம். அது சூட்டில் ஆவியாகி நீளமான குழாய்க்குள் ஓடி, எண்ணெயில் என்னென்ன கலந்திருக்கிறது என்று தாளில் மேடு மேடாகக் காட்டும். அந்த மேடுதான் பீக். இவள் ஓட்டிய தாள்களில் மட்டும் இருக்கக் கூடாத மூன்று மேடுகள் வந்தன. குடுவையைச் சரியாகக் கழுவவில்லை என்று வேலையை விட்டு நிறுத்தினார்கள். கவனக்குறைவு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டது மேற்பார்வையாளரான நான். இதை இவள் உன்னிடம் சொல்லியிருக்க மாட்டாள்.

தங்கையே, நீ வேலையை விட்டுப் போன பிறகு, காலையில் முதல் ஆளாகப் போய் மெஷினை ஓட்டும் வேலை என் தலையில் விழுந்தது. முதல் நாளே மூன்று மேடும் வந்து நின்றன. அதுவும் நான் கழுவிய குடுவையில்! மேலாளர் என்னைப் பார்த்த பார்வையை நீ பார்த்திருக்க வேண்டும், விழுந்து விழுந்து சிரித்திருப்பாய். குடுவையை மாற்றினேன், கரைசலை மாற்றினேன், ஒன்றும் நடக்கவில்லை. மாதக்கணக்கில் மல்லாடிவிட்டு, கடைசியில் எண்ணெயும் இல்லாமல் ஊசியும் போடாமல் வெறும் மெஷினை ஓட்டினேன். அப்போதும் வந்தன!

குற்றவாளி செப்டம். ஊசி குத்தும் வாயை அடைத்திருக்குமே, சட்டைப் பொத்தான் அளவு ரப்பர் வில்லை, அதுதான். இரவு முழுக்க அந்த வாய் முந்நூறு டிகிரியில் காய்கிறது. ரப்பரிலிருந்து கசிவதெல்லாம் ஆறிக் கிடக்கும் குழாயில் போய்ப் படிகிறது. காலையில் முதலில் சூடேற்றுகிறவர் தாளில் மொத்தமும் வந்து விழுகிறது. தினமும் எல்லோருக்கும் முன்னால் வந்தவள் நீ. அதற்குத்தான் உனக்கு அந்தத் தண்டனை.

அந்த வில்லையைத் தேர்ந்தெடுத்ததும் நான்தான். ஊசி மெத்தென்று இறங்குகிறது, நூறு குத்துக்கும் கிழியாது என்று பீற்றிக்கொண்டேன். இருநூற்றைம்பது டிகிரி வரைதான் தாங்கும் என்று பெட்டியின் ஓரத்தில் பொடி எழுத்தில் இருக்கிறது. படிக்கவே இல்லை.

இப்போது வேறு இரண்டு வகை போட்டுப் பார்த்தேன். நானூறு தாங்குவது கட்டை மாதிரி இருக்கிறது. இரண்டாம் நாளே ஊசி வளைந்தது, நாற்பது குத்துக்குள் உள்ளே ஓடும் வாயு கசிந்தது. முந்நூற்றைம்பது தாங்குவதில் ஊசி வழி தவறாமல் இறங்க நடுவே சின்னக் குழி வைத்திருக்கிறான். விரல் படாமல் இடுக்கியால் எடுத்துப் பொருத்தி, மரையைப் பதமாகத் திருகினேன். நேற்றுக் காலை வெறும் ஓட்டம் விட்டேன். அளவுகோல் வைத்துக் கிழித்ததுபோல் நேர்கோடு! நான் கைதட்டிய சத்தத்தில் பக்கத்து அறைக்காரர்கள் ஓடிவந்துவிட்டார்கள்.

தவறு என்னுடையது என்று மேலாளரிடம் எழுதிக் கொடுத்துவிட்டேன். உன்னைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளும் உத்தரவு இதோடு இருக்கிறது.

இனி எழுதுவதைச் சித்திக்கு வாசித்துக் காட்டுவது உன் இஷ்டம். வெறும் ஓட்டம் விட்டது நல்ல யோசனை என்று எல்லோரும் என்னைப் பாராட்டினார்கள். யோசனை என்னுடையது இல்லை என்றேன். யாருடையது என்று கேட்டார்கள், உன் பெயரைச் சொன்னேன். உன்னை நிறுத்திய அன்று மேலாளர் அறை வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டு நீதானே சொன்னாய், "அக்கா, ஊசியே போடாம ஒரே ஒரு தடவை ஓட்டிப் பாரு. எனக்காகப் பாரு." எனக்கே பாடம் நடத்துகிறாயா என்று கையை உதறினேன். அது அரைமணி நேர வேலை.

வேலைக்கு வருவதும் வராததும் உன் விருப்பம். நாலு மாதமாக என் கடிதம் எதற்கும் நீ பதில் போடவில்லை. இதற்கு மட்டும் போடு. திட்டி எழுது. ஒரு பக்கம் போதாவிட்டால் நாலு பக்கம் திட்டி எழுது. எங்கே இருந்தாலும் நீ நன்றாக இருக்க வேண்டும்.

உன் பதிலுக்காக வாசலையே பார்த்திருக்கும்,
அக்கா