இது யார் வீட்டு கேட்?

நைட் ஷிஃப்ட் முடிந்து ஜுரு தொழிற்சாலையிலிருந்து வரும் தயாளனுக்கு,

உங்களோடு இனிப் பேசமாட்டேன் என்று நேற்று சொன்ன உங்கள் மனைவி காமினி, சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறாள். அதனால்தான் எழுதிவைத்துவிட்டு வேலைக்குப் போகிறாள். மீன் குழம்பு அடுப்பில் இருக்கிறது.

ஆன்லைன் ஏலத்தில் எடுத்த பழைய ரேடியோ வரவேயில்லை என்று, விற்ற காஜா மொய்தீன் அண்ணனைத் திருடன் என்று ஊரறிய எழுதினீர்கள். பாவம், கூரியர்காரன் பெட்டியை நம் வாசலில் வைத்து எடுத்த படத்தை அனுப்பினார் அவர். "இது யார் வீட்டு கேட்லா? இது பச்சை, எங்க கேட் நீலம்!" என்று போனில் கத்தினீர்கள். நேற்று காமினி பக்கமும் திரும்பி, "நீதான் குப்பையில போட்டிருப்ப" என்றீர்கள்.

தீபாவளிக்கு அந்த கேட்டுக்கு நீலச் சாயம் அடித்தது யார்? கூரியர் வந்த அன்று காலைவரை அது பச்சைதானே? வாசலில் கிடந்த பெட்டியைக் கவிழ்த்து, அதன்மேல் சாய டின்னை வைத்து, வேலை முடிந்ததும் ஸ்டோரில் தள்ளியதும் நீங்கள்தான். குடை தேடப்போன காமினி இன்று கண்டெடுத்தாள். ஒரு பக்கம் நீல வட்டம், மறுபக்கம் உங்கள் பெயர்.

சண்டையை நேரில் தீர்க்க அண்ணன் மத்தியானம் பட்டர்வொர்த்திலிருந்து ஃபெரியில் வருகிறார். பால் தேநீரை நுரைக்க ஆற்றி, நல்ல தே தாரிக்காகக் கொடுங்கள். எழுதியதை அதற்குள் அழித்துவிடுங்கள்.

பி.கு.: காமினி ரேடியோவைப் போட்டுப் பார்த்தாள். அருமையாகப் பேசுகிறது. நீங்கள் அவரிடம் மன்னிப்புக் கேட்கும்வரை இந்த வீட்டில் உங்களோடு பேசப்போவது அது ஒன்றுதான்.