எட்டடிக் கோல்

18 ஜனவரி 2025, சனி

மூன்றாம் பருவத்து விடைத்தாள்கள் இருபத்தெட்டைத் திருத்தி முடித்தேன். ஒன்பது பேர் வரைபடத்தில் அளவு விகிதத்தைக் குறிப்பிடவில்லை. ஆளுக்கு இரண்டு மதிப்பெண் குறைத்தேன்.

மாலையில் ஆலயப் பங்குப் பேரவைச் செயலர் அந்தோணி வந்தார். ஐயம்பேட்டையில் எழும்பும் எங்கள் சிற்றாலயத்தில், பீடத்துக்கு முன்னால் வரவேண்டிய வளைவைப் பற்றிப் பேச்சு. நான் வரைந்து கொடுத்தது கோதிக் முறையிலான கூர்வளைவு. செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் மட்டுமே, கம்பி கிடையாது.

"இன்னா சார், கான்கிரீட்ல பீம் போட்டு வளைவு மாதிரி பூசிட்டா யாருக்குத் தெரியப்போவுது?"

எனக்குத் தெரியும் என்றேன்.

19 ஜனவரி, ஞாயிறு

பேரவை ஒப்புக்கொண்டது, ஒரு நிபந்தனையுடன். வளைவைத் தாங்கும் மரச் சென்டரிங்கை எடுத்த பிறகு உச்சி அரை அங்குலத்துக்கு மேல் இறங்கினால், வளைவை இடித்துவிட்டுக் கான்கிரீட்டுக்குச் சம்மதிக்க வேண்டும். கையெழுத்திட்டேன்.

இருபத்தாறு ஆண்டுகளாகப் பாலிடெக்னிக்கில் கட்டட வரைபடம் கற்பிக்கிறேன். நான் வரைந்த எதுவும் இதுவரை தரையை விட்டு எழுந்ததில்லை. மனைவி சம்பூர்ணத்திடம் இதைச் சொன்னபோது, "நம்ம வூட்டுப் பரண்?" என்றாள். அது வரைபடம் இல்லாமல் கட்டியது. அவளிடம் அதைச் சொல்லவில்லை.

25 ஜனவரி, சனி

கட்ட வந்திருப்பவர் அப்துல் சத்தார் மேஸ்திரி. என் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஒன்னுக்கு இருவத்தஞ்சுன்றீங்க. என் செங்கல்லு ஒன்னுக்கு ஒன்னு சார். தரையில நெஜ சைஸுல போட்டுக் காட்டுங்க."

மனம் சற்றுக் கசந்தது. வீட்டுக்கு வந்து படித்தபோது கசப்பு போயிற்று. ஐரோப்பாவில் எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் பேராலயங்களைக் கட்டியவர்களும் சாந்து பூசிய தரையில் முழு அளவில் கீறித்தான், அதிலிருந்து பலகையில் அச்சு வெட்டிக் கல்தச்சர்களுக்குக் கொடுத்திருக்கிறார்கள். யார்க் நகரில் அப்படியொரு தரை இன்றும் இருக்கிறதாம். கவராயத்தின் திறப்பை மாற்றாமலே குறுகலான வளைவையும் அகலமான வளைவையும் ஏறத்தாழ ஒரே உயரத்துக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். அரைவட்டத்தில் அது நடக்காது. கூர்வளைவின் சாமர்த்தியமே அதுதான்.

எனவே தரை வேண்டும். ஆலயத்துக்குள் இன்னும் தளம் போடவில்லை.

1 பிப்ரவரி, சனி

தரை கிடைத்தது. ஆலயத்தை ஒட்டிய நெசவாளர் தெருவில் அதிகாலையில் பாவு இழைகளை நீளமாக இழுத்துக் கட்டிக் கஞ்சி தோய்க்கிறார்கள். அதற்காகவே சமமாக வைத்திருக்கும் தெரு. பாவுக்காரர் தேவகி சொன்னார்: "பத்து மணிக்குள்ள சுருட்டிடுவோம். அப்புறம் தெரு உங்களுது சார். மாடு வந்தா மட்டும் நீங்களே பேசிக்குங்க."

தூண்களின் இடைவெளி பத்து அடி. கூர்வளைவின் இரு பாதியும் இரண்டு வட்ட வில்; ஆரம் எட்டு அடி. உச்சி, ஏழடி ஐந்து அங்குலம். தேவகி தந்த பருத்திக் கயிற்றை எட்டடிக்கு அளந்து முடிச்சிட்டு, வில்லின் மைய முளையில் கட்டி, இடது வில்லைச் சாக்குக்கட்டியால் வரைந்தேன். மாடு வந்தது. பேசிக்கொண்டோம். சாப்பாட்டுக்குப் பின் வலது வில். அது தூணைக் குறிக்கும் முளைக்கு ஒன்றரை அங்குலம் முன்னதாகவே தரையைத் தொட்டது. ஏதோ வண்டி தட்டி முளை நகர்ந்திருக்கும் என்று, அதை வில் தொட்ட இடத்துக்கு நகர்த்திச் சரிசெய்தேன்.

சத்தார் தலையைச் சாய்த்துப் பார்த்தார். "வலது தோளு கொஞ்சம் ஒடுங்கினாப்புல இருக்குது சார்."

கயிறு ஒன்று, ஆரம் ஒன்று. ஒடுங்க வழியில்லை என்றேன்.

8 பிப்ரவரி, சனி

தச்சர் சென்டரிங்குக்கு மரம் வெட்டுகிறார். தெருக்கோட்டின்படியே. நல்ல வேலை.

15 பிப்ரவரி, சனி

சென்டரிங்கைத் தூண்களுக்கு நடுவே ஏற்றினார்கள். வலப்பக்கம் ஒன்றரை அங்குலம் குறைந்தது.

தச்சரைக் கேட்டேன். தெருக்கோட்டோடு மயிரிழை பிசகவில்லை. தூண்களை அளந்தேன். பத்து அடி. அப்படியானால் கோடு தவறு. கோடு என்னுடையது. எப்படி? எப்படி முடியும்?

தேவகி கயிற்றைக் கையில் எடுத்துத் தடவிப் பார்த்தார். விறைப்பாக இருந்தது. "சாப்பிடப் போவும்போது இத்த எங்க போட்டீங்க?"

கஞ்சி வாளியின் விளிம்பில். திரும்பி வந்து எடுத்தபோது கையில் ஈரம் பட்டது; தண்ணீர் என்று நினைத்தேன்.

"அப்ப உள்ள வுழுந்திருக்கும். நூலு கஞ்சி குடிச்சா இழுத்துக்கும் சார். இது கைப்புள்ளைக்கே தெரியுமே! காலேஜுல கயித்துக்குப் பாடம் இல்லையா?"

சத்தார் சிரிக்கவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. வில் முளையைத் தொடாதபோது நான் கயிற்றைச் சந்தேகிக்கவில்லை, முளையை நகர்த்தினேன்! ஒரு மாணவன் செய்திருந்தால் பூஜ்யம் போட்டிருப்பேன். மேஸ்திரி கண்ணால் பார்த்துச் சொன்னாரே, ஏன்டா கேக்கல?

16 பிப்ரவரி, ஞாயிறு

பூசை முடிந்ததும் பேரவையில் பிழையை எழுத்தில் கொடுத்தேன். அந்தோணி, "மரத்துல ஒரு துண்டு சேத்துட்டுப் போங்க சார், இதைப் போயி மினிட்ஸ்ல ஏத்துவாங்களா?" என்றார். ஏற்றச் சொன்னேன். ஏற்றினார்கள்.

பிறகு சத்தார் வீட்டுக்குப் போய், நீங்கள் சொன்னது சரி என்றேன். தேநீர் கொடுத்தார். "கயிறு வாணாம் சார். கோலு வெச்சிக்கலாம்" என்றார்.

22 பிப்ரவரி, சனி

எட்டடித் தேக்குக் கோல். ஒரு முனையில் ஆணி, மறுமுனையில் சாக்குக்கட்டி. காலையில் அளந்தேன், மதியம் அளந்தேன், இடையில் சத்தார் அளந்தார். இரண்டு வில்லும் முளையைத் தொட்டன. தச்சர் வலது பாதியைப் புதிதாகவே வெட்டுகிறார்.

8 மார்ச், சனி

சத்தார் நோன்பில் இருக்கிறார். விடிந்ததும் தொடங்கி வெயில் ஏறுவதற்குள் நிறுத்திவிடுகிறார். இரு பக்கமும் வரிசைக்கு வரிசை சமமாக ஏறுகிறது. ஒரு பக்கம் முந்தினால் சென்டரிங் சாயும். நான் தண்ணீர்ப் பாட்டிலை வெளியிலேயே வைத்துவிட்டுப் போகிறேன்.

15 மார்ச், சனி

உச்சியில் கடைசிச் செங்கல்லை இறுக்கினார். இனி நான்கு வாரம் காரை இறுகக் காத்திருக்க வேண்டும்.

29 மார்ச், சனி

பிரான்சில் பொவே என்ற ஊரில் பேராலயத்தின் கூரை வளைவுகள் 1284-இல் சரிந்தன. இதை ஏன் இன்றைக்குப் படித்தேன்?

12 ஏப்ரல், சனி

நாளை குருத்தோலை ஞாயிறு. இன்று சென்டரிங் எடுத்தோம்.

வளைவு கீழே மட்டும் அழுத்துவதில்லை, பக்கவாட்டிலும் தள்ளும். தூண்களுக்கு வெளியே முட்டுச்சுவர் எழுப்பியது அதற்காகவே. தெரிந்ததுதான். இருந்தும் முட்டுச்சுவரை இன்னொரு முறை போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். சத்தார் சென்டரிங்கின் அடியிலிருந்த ஆப்புகளை ஒவ்வொன்றாக, ஒரு தட்டு, சற்று நேரம், மறுபடி ஒரு தட்டு என்று தளர்த்தினார். மரத்துக்கும் செங்கல்லுக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தது. அந்தோணி வாசலுக்கு வெளியே போய் நின்றிருந்தார்.

உச்சியில் அளந்தேன். இறக்கம், அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. மூன்று முறை அளந்தேன்.

"போதும் சார், அளந்து அளந்தே கீழ இறக்கிடுவீங்க போல" என்றார் சத்தார். பிறகு வளைவுக்கு நேர் கீழே போய் நின்றுகொண்டு என்னையும் கூப்பிட்டார். போய் நின்றேன்.

20 ஏப்ரல், ஞாயிறு

பாஸ்கா, ஈஸ்டர் திருநாள். வளைவின் கீழ் முதல் பூசை. சம்பூர்ணம் மேலே பார்த்துக்கொண்டே இருந்தாள். திரும்பும்போது, "பரணை விட இது நல்லா இருக்குது" என்றாள்.

26 ஏப்ரல், சனி

சத்தார் தொலைபேசியில் அழைத்தார். அவர்கள் மதரஸாவுக்குப் புது வாசல் வைக்கிறார்கள். ஆறு அடி அகலம். "அந்தக் கோலை வெட்டிடலையே சார்?"

வெட்டவில்லை. கணக்குப் போட்டேன்: அதே எட்டடி ஆரம், ஆறடி அகலம், உச்சி ஆறடி மூன்று அங்குலம். அகலம் நான்கு அடி குறைந்தும் உயரம் ஓரடி இரண்டு அங்குலமே குறைகிறது. யார்க் நகரத்துக் கல்தச்சர்கள் செய்தது சரிதான்.

கோலோடு ஷேர் ஆட்டோவில் ஏறினேன். பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. "இதுக்கும் ஒரு டிக்கெட்டு போடணும் சார்" என்றார் ஓட்டுநர். புறப்படுமுன் அளந்தேன்: எட்டு அடி. சாப்பிட்டு வந்த பிறகும் அளந்தேன்.