முழுக்கோட்டைத் தாண்டியது யார்

1966 ஜூலை 4, திங்கள்

இந்த வியட்நாம் மழை விடவில்லை. துவைத்த துணியெல்லாம் கூடத்தில் தொங்குகிறது. தோழி மாரி-ரோஸ் நனைந்துகொண்டே வந்தாள். அவள் நடத்தும் குழந்தைகள் பள்ளிக்கு ஒரு பழைய வேன் வாங்கிவிட்டாளாம். "ஆம்பளை ட்ரைவர் வேணாம் எலென், சின்னதுங்க பயப்படுதுங்க. நீ வண்டி ஓட்டுற பெர்மி வாங்கிட்டு வா, சாவி உன் கையில" என்றாள். முப்பத்தெட்டு வயதாகிறது எனக்கு. வீட்டுச் சாவியைத் தவிர வேறு சாவியை யாரும் என்னிடம் கொடுத்ததில்லை.

இவரிடம் சொன்னேன். இன்ஷூரன்ஸ் கம்பெனியில் விபத்து விசாரிக்கிற இன்ஸ்பெக்டர் அல்லவா, நன்றாகச் சிரித்து முடித்துவிட்டுத்தான் வாயைத் திறந்தார். "ரோட்டைத் தாண்டவே என் கையைப் பிடிக்கிற. நீ வண்டி ஓட்டினா எங்க கம்பெனியை இழுத்து மூட வேண்டியதுதான்."

சிரிக்கட்டும். நாளைக்கே ஓட்டுநர் பள்ளியில் பெயர் கொடுக்கிறேன்.

ஜூலை 19, செவ்வாய்

ஓட்டுவது வந்துவிட்டது. சட்டப் புத்தகம்தான் மண்டையில் ஏற மாட்டேன் என்கிறது, அதிலும் ரோட்டில் போட்டிருக்கும் இந்த மஞ்சள் கோடுகள். இன்றைக்கு இவர் நல்ல மனநிலையில் இருந்தார். சாப்பாட்டு மேசையில் தீக்குச்சிகளை அடுக்கிக் காட்டினார். இடைவெளி இல்லாமல் அடுக்கினால் முழுக்கோடு. தாண்டக் கூடாது, சக்கரம் அதன்மேல் படவும் கூடாது. இடைவெளி விட்டு அடுக்கினால் விட்டுவிட்ட கோடு. எதிரே வண்டி வரவில்லை என்றால் தாண்டி முந்தலாம், முந்தியதும் நம் பக்கம் வந்துவிட வேண்டும்.

இரண்டு வகைக் கோடும் ஒட்டி ஒட்டி இருந்தால்? என்று கேட்டேன்.

"உன் பக்கத்துல எது இருக்கோ அதுதான் உனக்குச் சட்டம். எதிர்ல வர்றவனுக்கு அவன் பக்கத்துக் கோடு. அவன் தாண்டலாம், நீ தாண்டக் கூடாது."

"இது என்னா நியாயம்?"

"நியாயம் இல்லடி, மேடு. மேட்டுல ஏறுறவனுக்கு அந்தாண்ட வர்றது தெரியாது. உச்சியைத் தாண்டி இறங்கினவனுக்கு எல்லாம் தெரியும். கோட்டைப் பாரு, கேஸ் முடிஞ்சுது. இத்தனை வருஷமா இதை வெச்சுத்தான் நான் சோறு தின்னுறேன்."

கெட்டிக்காரர்தான். சொல்லிக் கொடுத்த நேரம் முழுக்க ஒரு குத்தல் பேச்சு இல்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது, பொய் சொல்வானேன்.

ஆகஸ்ட் 12, வெள்ளி

பெர்மி கிடைத்துவிட்டது! அதிகாரி கரும்பலகையில் இரட்டைக் கோட்டை வரைந்து இரண்டு பொம்மைக் கார்களை வைத்தார். எனக்கு முன்னால் போன இரண்டு ஆண்களும் தப்பாகச் சொன்னார்கள். நான் கடகடவென்று சொன்னேன். "த்ரே பியேன், மதாம்" என்று பாராட்டினார்.

வீட்டுக்கு வந்து, நம் தோஃபின் காரை ஒரே ஒரு தடவை தெருக்கோடி வரை ஓட்டிப் பார்க்கட்டுமா என்று கேட்டேன். "உன் வேனைப் போய் நசுக்கு. என் காருமேல கை வெச்ச, அவ்ளோதான்."

போகிறது. பள்ளிக்கூடம் செப்டம்பர் நடுவில் திறக்கிறது.

ஆகஸ்ட் 28, ஞாயிறு

எழுதினால்தான் மனம் அடங்கும்.

கான் ஹொய் பேட்டையில் இவர் நண்பர் வீட்டு ஞானஸ்நான விருந்து. இவர் வைன் குடித்தார், எப்போதும் குடிப்பதைவிட அதிகமில்லை. திரும்பும்போது பாலத்து ஏற்றத்தில் எங்களுக்கு முன்னால் ஒரு அமெரிக்க ராணுவ லாரி ஊர்ந்துகொண்டிருந்தது. இவருக்குப் பொறுமை ஏது? எங்கள் பக்கம் முழுக்கோடு. "கோடு!" என்றேன். வழி முழுக்க நான் பேசியது அந்த ஒரு சொல்தான். அதற்குள், எதிர்வண்டிகள் வருகிற இடப்பக்கம் ஒடித்துவிட்டார்.

எதிரே உச்சியிலிருந்து ஒரு லம்ப்ரோ, அந்த மூன்று சக்கர வண்டி, தன் பக்கத்தில் ஒழுங்காக இறங்கி வந்தது. எங்கள் கார் இடித்ததில் அது அப்படியே சாய்ந்துவிட்டது. வெங்காயக் கூடைகள் எல்லாம் உருண்டன. ஓட்டிவந்தவர் அடியில் மாட்டிக்கொண்டு "ட்ரோய் ஓய், ட்ரோய் ஓய்" என்று கடவுளைக் கூப்பிட்டார். இடுப்பு ஒடிந்திருக்கிறதாம். லாரி நிற்காமல் போய்விட்டது.

ஜனங்கள் அவரைத் தூக்க ஓடினார்கள். இவர் என் தோளைப் பிடித்தார். "எலென், இந்தப் பக்கம் வந்து உக்காரு. நீ ஓட்டினன்னு சொல்லிடு. என்னைத் தலைமை இன்ஸ்பெக்டர் ஆக்கப் போறாங்க. நானே முழுக்கோட்டைத் தாண்டினேன்னு தெரிஞ்சா நான் தொலைஞ்சேன். உனக்கு என்னா போவுது?"

"பெர்மி போயிடுங்க. வேன் வேலை..."

"பிள்ளைங்களை ஏத்தி இறக்குறது ஒரு வேலையா? கெஞ்சிக் கேக்குறேன்டி."

கெஞ்சினார். இருபது வருடத்தில் முதல் தடவை. நகர்ந்து உட்கார்ந்தேன். ஸ்டீரிங் இன்னும் சூடாக இருந்தது.

ஆகஸ்ட் 29

ஏன் நகர்ந்தேன்? சொன்னால் நகர நான் என்ன மேசையா நாற்காலியா?

செப்டம்பர் 2, வெள்ளி

போலீஸ் கொமிசாரியாவுக்கு அழைத்துப் போனார். இவரை அங்கே எல்லோருக்கும் தெரியும், கை குலுக்குகிறார்கள். அதிகாரி நல்ல மனிதர். என் பெர்மியைப் புரட்டிப் பார்த்தார். "போன மாதம்தான் வாங்கியிருக்கிறீர்கள். உங்கள் பக்கம் முழுக்கோடு, மதாம். அதைத் தாண்டக் கூடாது என்று தெரியாதா?"

தெரியும்! கரும்பலகையில் நான் ஒருத்திதான் சரியாகச் சொன்னேன்! சொல்ல வாயெடுத்தேன். இவர் மேசைக்கு அடியில் என் காலை மிதித்தார்.

"தெரியாது" என்றேன்.

அவர் தலையாட்டிவிட்டுப் பெர்மியை இழுப்பறையில் போட்டார். கையெழுத்துப் போட்டேன். வெளியே வந்ததும் இவர் எனக்குக் கரும்புச் சாறு வாங்கிக் கொடுத்தார், அழுகிற பிள்ளைக்கு மிட்டாய் கொடுப்பதைப்போல. குடித்தேன் வேறு. வெட்கங்கெட்டவள்.

செப்டம்பர் 10, சனி

மாரி-ரோஸ் வேறு ஆள் பார்த்துவிட்டாள். அவளைக் குறை சொல்ல முடியாது. "நீ அப்படி ஓட்ட மாட்டியே எலென்" என்று மட்டும் கேட்டாள். நான் காபி கலக்கப் போய்விட்டேன்.

செப்டம்பர் 21, புதன்

இவருக்குத் தெரியாமல் ஆஸ்பத்திரிக்குப் போனேன். லம்ப்ரோக்காரரை எல்லோரும் ஓங் சாவ் என்கிறார்கள். பழம் வாங்கிப் போயிருந்தேன். அவர் மனைவி, நான்தான் இடித்தவள் என்று நினைத்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவர் படுத்தபடியே என்னைப் பார்த்து, "இந்த அம்மா இல்லை. கண்ணாடி போட்ட ஆம்பளை ஓட்டினான். போலீஸ்ல சொன்னேன், மயக்கத்துல உளறுறேன்னுட்டாங்க" என்றார்.

அவள் என் பக்கம் திரும்பினாள். "அப்புறம் நீ ஏன் கையெழுத்துப் போட்ட?"

எனக்கு வியட்நாமியம் நன்றாக வரும். புரியாதவள்போலப் பழப் பையைக் கட்டிலடியில் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

அக்டோபர் 9, ஞாயிறு

பூசை முடிந்து கோயில் வாசலில் இவர் நண்பர்களுக்குக் கதை சொல்லிக்கொண்டிருந்தார். "முழுக்கோடு முழுக்கோடுன்னு தொண்டை கிழியக் கத்துறேன், இவ காதுலயே வாங்கல. பொம்பளை கையில ஸ்டீரிங்கைக் குடுத்தா!" எல்லோரும் சிரித்தார்கள். இவரும் என்னைப் பார்த்துச் சிரித்தார், துளிக் கூச்சமில்லாமல். அட பாவி மனுஷா, நீயே நம்பிவிட்டாயா?

அக்டோபர் 27, வியாழன்

இன்னொரு காகிதம் கொண்டுவந்திருக்கிறார், நான் கையெழுத்துப் போட வேண்டுமாம். ஓங் சாவ் ஒரு சிக்ளோ ரிக்‌ஷாவை முந்துவதற்காகக் கோட்டைத் தாண்டி எங்கள் பக்கம் வந்தார் என்று எழுதியிருக்கிறது.

"அவர் தாண்டவே இல்லையே?"

"அவன் பக்கம் விட்டுவிட்ட கோடு, தாண்டியிருக்கலாம். யாரு பார்த்தா? ரெண்டு பேர் மேலயும் தப்புன்னு வந்தா எங்க கம்பெனி அவனுக்குக் குடுக்குற நஷ்டஈடு பாதியாக் குறையும். டைரக்டர் என்னை மெச்சுவார்."

நடக்க முடியாமல் கிடக்கிறார் அந்த மனிதர். மண்டை வலி, நாளைக்குப் போடுகிறேன் என்றேன்.

நவம்பர் 3

தினமும் கேட்கிறார். தினமும் மண்டை வலி.

நவம்பர் 5, சனி

கம்பெனி விருந்து. இவரைத் தலைமை இன்ஸ்பெக்டர் என்று இன்று அறிவிப்பதாக ஏற்பாடு. பச்சைப் பட்டுப் புடவையை இவரே எடுத்து வைத்தார். எனக்கு எதிரே டைரக்டரின் மனைவி, வாய் ஓயாத பிரெஞ்சு அம்மாள். சூப் வந்ததும் தொடங்கினாள். "பாவம் மதாம், உங்கள் விபத்தைக் கேள்விப்பட்டேன். அதற்குப் பிறகு காரைத் தொடவே பயமாக இருக்கிறதா?"

நான் திட்டம் எதுவும் போட்டுக்கொண்டு போகவில்லை, சத்தியமாக. கேட்டதற்கு உள்ளதைச் சொன்னேன்.

"அதற்கு முன்னாலும் தொட்டதில்லை, மதாம். அந்தக் காரை ஓட்ட இவர் என்னை ஒரு நாளும் விட்டதில்லை."

"ஒரு நாளும்?"

"ஒரு நாளும். அன்றைக்கும்."

டைரக்டர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு இவரைப் பார்த்தார். இவர், "வேடிக்கையாகப் பேசுகிறாள்" என்று சிரித்தார். ஒருவரும் கூடச் சிரிக்கவில்லை. எனக்குப் பசித்தது, மீனை முழுவதும் சாப்பிட்டேன்.

நவம்பர் 8, செவ்வாய்

நானே கொமிசாரியாவுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அதிகாரி பெருமூச்சு விட்டார். "கோட்டைத் தாண்டியதற்காகப் பிடித்து வைத்த பெர்மியைத் திருப்பித் தரலாம், மதாம். பொய் வாக்குமூலம் கொடுத்ததற்காக மறுபடியும் பிடித்து வைக்க வேண்டும்." இழுப்பறையைத் திறக்கக்கூட இல்லை. எனக்கு வேண்டியதுதான். ஆனால் ஓங் சாவ் உளறவில்லை என்று எழுதிக்கொண்டார்.

வீட்டில் இவர் சோற்றைப் பிசைந்து பிசைந்து அப்படியே வைத்துவிடுகிறார்.

நவம்பர் 18, வெள்ளி

கம்பெனியிலிருந்து மறு விசாரணைக்கு ஒருவன் வந்தான். இவருக்குக் கீழே வேலை பார்த்தவன், வியட்நாமியப் பையன். இப்போது இவர் இடத்தில் அவன். நம் கூடத்தில் நம் நாற்காலியில் உட்கார்ந்து, கூச்சத்தோடு இவரைக் கேட்டான்: "முஸ்யே, வண்டியை ஓட்டியது யார்?"

இவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எனக்கு ஒரு கணம் பரிதாபமாகக்கூட இருந்தது.

"நான்தான்" என்றார். பிறகு நிமிர்ந்து, "இவள் வழியெல்லாம் தொணதொணவென்று பேசிக்கொண்டே வந்தாள், அதில் கவனம் தப்பிவிட்டது" என்றார்.

பையன் அதையும் எழுதிக்கொண்டான்.